உயிர்ப்பெயர் வரலாற்றில் தரங்கம்பாடி

கறிவேப்பிலை இல்லாத தமிழர் வீடு இல்லை. தோட்டப்புறத்து லயத்து வீடாயினும் சரி, சிங்கையின் அடுக்குமாடி வீடாயினும் சரி, ஒரு தொட்டியிலாவது அச்செடி நிற்கும். செடிநூலார் அதனை 'முர்ராயா கோனிகீ' என்று அழைத்து வந்தனர். பல்லாண்டுகளுக்கு முன் நான் வகுப்பில் இப்பெயரைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நம் கறிவேப்பிலைக்கு ஏன் இந்த வாயில் நுழையாத பெயர்? கோனிகீ என்றால் என்ன?" என்று கேட்டான். எனக்கு அன்று விடை தெரியவில்லை. ஏதோ லத்தீன் சொல் என்று கூறி அவனை உட்கார வைத்துவிட்டேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அம்மனிதர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்து மலாக்காவையும் மிதித்து மீண்ட ஒரு வைத்தியர் என்பதையும் பின்னரே அறிந்தேன். அம்மாணவனுக்குக் கொடுக்கத் தவறிய விடையை இங்கே எழுதுகிறேன்.

உயிர்களுக்குப் பெயரிடுவது பெரிய கலையா என்று சிலர் எண்ணலாம். செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரார் அதனைக் கார்த்திகைப் பூ என்பர். மற்றோர் ஊரார் கண்வலிக் கிழங்கு என்பர். வேறோர் ஊரில் அது கலப்பைக் கிழங்கு. சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய காந்தளும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த நச்சுக் கிழங்கும் ஒரே கொடியின் உறுப்புகள் என்பதைத் தமிழாசிரியர் எத்தனை பேர் மாணவருக்குச் சொல்கிறோம்? இது ஒரு செடிக்குப் பல பெயர் வந்த கதை. ஒரு பெயர் பல செடிகளுக்கு வருவதோ இதனினும் இடர் மிக்கது. வட இந்தியாவில் 'பிராமி' என்று கேட்டால் சில இடங்களில் நீர்ப்பிரமியைத் தருவர். சில இடங்களில் வல்லாரையைத் தருவர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். அவ்வல்லாரையே மலாய்ச் சந்தையில் பெகாகா; சிங்களவரிடத்தில் கொட்டுகொல. வைத்தியர் எழுதிய பெயரும் கடைக்காரர் கட்டிக் கொடுத்த பச்சிலையும் ஒன்றாக இருக்க வேண்டுமாயின், ஊருக்கு ஊர் மாறாத பெயர் ஒன்று தேவையன்றோ?

நம் முன்னோர் உயிர்களை வகுத்துப் பார்க்காதவர் அல்லர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்ததை மாணவரும் அறிவர்; இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அதனினும் எனக்கு வியப்பளிப்பது, புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் அவர் பிரித்த பிரிவேயாகும். அதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லின் பாற்படும். மாவும் புளியும் மரத்தின் பாற்படும். தென்னைக்கும் பனைக்கும் ஓலை உண்டு, இலை இல்லை என்று நாம் இன்றும் பேசுவது அம்மரபின் எச்சமே. இன்றைய செடிநூலாரும் பனையை மாமரத்திலிருந்து விலக்கி, ஒற்றை வித்திலை உடைய புல்லின் பக்கத்திலேயே நிறுத்துகின்றனர். இதைக் கண்டு, மேனாட்டார் கண்டதெல்லாம் நாம் முன்பே கண்டதுதான் என்று மார்தட்டுவோர் உளர். நான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன். தொல்காப்பியர் செய்தது சொல்வழக்கை வரையறுத்தல். எந்த உயிரின் இளமையைப் பறழ் எனலாம், எதனைப் பார்ப்பு எனலாம் என்பதே அவ்வியலின் கவலை. ஓர் இனத்தை அதை ஒத்த வேறோர் இனத்திலிருந்து பிரித்தறிந்து, உலகோர் எல்லாரும் மாறாமல் வழங்க ஒரு பெயர் தருவது வேறு வேலை.

பொதுமக்களின் பெயரீட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கருவேல், வெள்வேல், குடைவேல் என்னும் பெயர்களைப் பாருங்கள். வேல் என்பது இனப்பெயர். முன்னுள்ள அடை அதன் வகையைக் காட்டுகிறது. இருசொற் பெயர் என்று இன்று உலகம் போற்றும் முறையின் வித்து இதிலேயே இருக்கிறது. மேனாட்டு முறையில் இனப்பெயர் முன்னும் அடை பின்னும் வரும், அவ்வளவே. ஆனால் இப்பெயர்கள் கண்ணுக்குத் தோன்றும் ஒப்புமையால் எழுந்தவை. ஆதலின் சிலபோது வழி தவறச் செய்யும். 'கறிவேப்பிலை' என்னும் பெயர், கறிக்கு உதவும் ஒருவகை வேம்பு என்று நினைக்கத் தூண்டுகிறது. இலையை நோக்கின் ஒப்புமை உண்மைதான். பூவையும் கனியையும் நோக்கின் வேம்பு மகாகனி மரத்தின் குடும்பம். கறிவேப்பிலையோ எலுமிச்சை, நாரத்தைகளின் குடும்பம்.

ஐரோப்பாவிலும் பெயர்க் குழப்பம் இருந்தது. அங்கே அறிஞர் லத்தீன் மொழியில் எழுதினர். ஆயினும் பெயர் என்று அவர்கள் எழுதியது பெயரன்று, ஒரு வாக்கியம். நம் வேலியோரங்களில் காய்த்து, சிறுவர் நெற்றியில் அடித்து வெடிக்கும் சொடக்குத் தக்காளியின் வகை ஒன்றை, 'ஓராண்டு வாழ்வதும், மிகக் கிளைத்ததும், கோணமுடைய வழுவழுப்பான கிளைகளும் பல்லுடைய இலைகளும் கொண்டதுமான பைசாலிஸ்' என்னும் பொருளில் நீட்டி எழுதினர். புதிதாக இன்னொரு வகை கிடைத்துவிட்டால், அதனின்று இதனைப் பிரித்துக் காட்ட வாக்கியம் இன்னும் நீளும். நினைவில் வைப்பது எங்ஙனம்? ஒரு கடிதத்தில் எழுதுவதுதான் எங்ஙனம்?

இச்சிக்கலை அறுத்தவர் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ். 1707-இல் பிறந்த அவர் 1735-இல் 'இயற்கையின் ஒழுங்கு' என்னும் பொருளுடைய நூலை நெதர்லாந்தின் லைடன் நகரில் வெளியிட்டார். முதற்பதிப்பு ஒரு டஜன் பெரிய தாள் அளவுதான். 1753-இல் வந்த 'செடியினங்கள்' என்னும் நூலில் ஏறத்தாழ 6000 செடியினங்களை வரிசைப்படுத்தினார். மேற்சொன்ன சொடக்குத் தக்காளிக்கு அதில் 'பைசாலிஸ் ஆங்குலாட்டா' என்று பெயர். கோணமுள்ள பைசாலிஸ் என்பது பொருள், இரண்டே சொல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லின்னேயஸ் இந்த இரண்டாம் சொல்லை நூலின் ஓரத்தில்தான் அச்சிட்டார். நீண்ட வாக்கியமே முறையான பெயர் என்பதும், ஓரச்சொல் வெறும் நினைவுக் குறிப்பு என்பதும் அவர் எண்ணம். உலகம் வாக்கியத்தை மறந்து ஓரக்குறிப்பைப் பற்றிக்கொண்டது. 1758-இல் வந்த 'இயற்கையின் ஒழுங்கு' பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கும் இம்முறையையே அவர் விரித்தார். செடிப்பெயர்களுக்கு 1753-உம், விலங்குப் பெயர்களுக்கு 1758-உம் தொடக்க ஆண்டுகளாக இன்றும் கொள்ளப்படுகின்றன.

பெயரிட்ட முறை நிலைத்தது. அவர் வகுத்த முறை நிலைக்கவில்லை. பூவிலுள்ள மகரந்தக் காம்புகளை எண்ணிச் செடிகளை 24 வகுப்பாக்கினார். எண்ணத் தெரிந்தவன் எவனும் செடியை அதன் அறையில் வைத்துவிடலாம் என்பது அதன் நலம்; எண்ணிக்கை ஒத்தது என்பதற்காக ஒன்றோடொன்று உறவில்லாதவை ஓர் அறையில் கூடிவிடும் என்பது அதன் குறை. பின்வந்தோர் பல உறுப்புகளையும் ஒருங்கே நோக்கினர். 1859-இல் டார்வின் நூல் வந்தபின் வகுத்தல் என்பது வமிசாவளி காண்பதாயிற்று. இன்றோ உயிரணுவின் மரபுப் பொருளைப் படித்தே உறவை முடிவு செய்கின்றனர். இவற்றை விரிப்பின் பெருகும். பெயர்களுக்குத் திரும்புவோம்.

சோழநாட்டுக் கடற்கரையில் தரங்கம்பாடி என்னும் சிற்றூர். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர் அங்கே கோட்டை எழுப்பினர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு பாதிரியாரையும், அவர் நிறுவிய தமிழ் அச்சுக்கூடத்தையும் தமிழாசிரியர் அறிவர். அவருக்கு இரண்டு தலைமுறை பின்னே அதே ஊரில் மற்றொரு வேலையும் நடந்தது. அதனைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

பால்டிக் கடற்பகுதியில் 1728-இல் பிறந்த யோகான் கெர்காட் கோனிக், லின்னேயஸிடம் நேரே பாடங்கேட்ட மாணவர். முதலில் ஐஸ்லாந்து சென்று பனிநாட்டுச் செடிகளைத் திரட்டினார். அங்கே கிடைத்த விரற்கடை உயரமுள்ள ஒரு பூண்டுக்கு லின்னேயஸ் 'கோனிகியா' என்று பெயர் சூட்டினார். பிறகு 1768-இல் கோனிக் டேனியப் பாதிரிமாரின் வைத்தியராகத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பனியிலிருந்து வெயிலுக்கு! வந்தவர் நோய் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் காடு மேடு அலைந்து செடி பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, குறிப்பெழுதித் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். அப்படிச் சென்றவற்றுள் ஒன்று நம் கறிவேப்பிலை. 1771-இல் லின்னேயஸ் அதற்கு 'பெர்கெரா கோனிகீ' என்று பெயரிட்டார். 'கோனிகீ' என்பது லத்தீனில் ஆறாம் வேற்றுமை உருபேற்ற சொல். கோனிக்கினுடைய என்பது பொருள். ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பில் சொல்லலாம்: லத்தீன் இலக்கணமும் உடைமைப் பொருளை ஆறாம் வேற்றுமை போலவே அமைக்கிறது என்று கேட்டால் மாணவர் விழிகள் விரியும்.

வைத்தியர் சம்பளம் அவர் ஆர்வத்துக்குப் போதவில்லை போலும். 1774-இல் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778-இல் ஆங்கிலக் கம்பெனியிடமும் வேலை கொண்டார். 1778 முதல் 1780 வரை சயாமுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேறி வந்து செடிகள் தேடினார். 1779-ஆம் ஆண்டின் அப்பயணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, 1894-இல் ஜலசந்திக் குடியேற்றங்களின் ஆசியக் கழக இதழில் வெளிவந்தன. இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றை முதன்முதல் முறையாக விவரித்த பெருமை இப்பயணத்தால் அவருக்கு வாய்த்தது. 1785-இல் ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடாவின் அருகே வயிற்றுக்கடுப்பால் இறந்தார். அவர் எழுதிய தாள்கள் லண்டனில் சர் ஜோசப் பேங்க்ஸ் என்பாரிடம் போய்ச் சேர்ந்தன.

லின்னேயஸ் இட்ட பெயர் பெர்கெரா. நாம் படித்ததோ முர்ராயா. ஏன் மாறிற்று? 1825-இல் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர், பெர்கெராவும் முர்ராயாவும் ஒரே பேரினம் என்று கருதி இரண்டையும் சேர்த்துவிட்டார். முர்ராயா என்பது நம் வீட்டு வேலிகளில் மணக்கும் 'கெமூனிங்' செடியின் பேரினம். அக்கெமூனிங்குக்கு 'முர்ராயா பானிகுலாட்டா' என்ற பெயரை 1820-இல் அமைத்தவர், ராஃபிள்ஸுடன் பினாங்கிலும் சிங்கையிலும் சுமத்திராவிலும் இருந்த வில்லியம் ஜாக் என்னும் இளைஞர். இரண்டாண்டில் அவரும் இறந்து போனார். இவ்வாறு ஒரு செடி பேரினம் மாறும்போது இரண்டாம் சொல் மாறாது உடன் செல்லும். முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குள்ளும், மாற்றியவரை அதன் வெளியிலும் எழுதுவர். 'முர்ராயா கோனிகீ (லி.) ஸ்பிரெங்கல்' என்று நூல்களில் காண்பது இதனால்தான். அடைப்புக்குள் இருப்பது பிறந்த வீடு. வெளியில் இருப்பது புகுந்த வீடு எனலாம். அண்மையில் மரபுப் பொருளை ஆய்ந்தோர், கறிவேப்பிலை கெமூனிங்குக்கு அத்துணை நெருங்கிய உறவன்று என்று கண்டு, மீண்டும் பெர்கெராவுக்கே அனுப்பி வைத்துள்ளனர். கறிவேப்பிலை இருநூறு ஆண்டு கழித்துப் பிறந்த வீடு திரும்பியிருக்கிறது. பாடநூல்கள் பலவற்றில் மட்டும் இன்னும் முர்ராயாவே இருக்கிறது.

சிங்கப்பூரின் தேசிய மலருக்கும் இதே கதிதான். 1981-இல் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஆர்க்கிட் மலரை இன்று செடிநூலார் வாண்டா என்னும் பேரினத்தில் வைப்பதில்லை. 'பாப்பிலியோனாந்தி' என்பதில் வைக்கின்றனர். ஊரார் வாண்டா என்பதை விடவில்லை. விட வேண்டிய கட்டாயமும் இல்லை.

தரங்கம்பாடியில் கோனிக் விட்டுச்சென்ற பழக்கம் பாதிரிமாரையும் தொற்றிக்கொண்டது. 1776-இல் வந்த ராட்லர் பாதிரியாரை நாம் தமிழ் ஆங்கில அகராதியின் ஆசிரியராக அறிவோம். 1834-இல் வெளிவரத் தொடங்கிய அவ்வகராதி அவர் 1836-இல் மறைந்த பின்னர்ப் பிறரால் 1841-இல் நிறைவு செய்யப்பட்டது. சொற்களைத் திரட்டிய அதே கை செடிகளையும் திரட்டிற்று. அவர் உலர்த்திய செடிகள் இன்று லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் உள்ளன. 'குரோசோபோரா ராட்லெரி' என்ற பூண்டு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அகராதிக்காரரும் செடிநூலாரும் செய்வது ஒரே வேலை என்றே எனக்குப் படுகிறது. இருவருக்கும் பெயர்தான் பொருள்.

மற்றொருவர் கிறிஸ்டாப் சாமுவேல் ஜான். 1771-இல் வந்து 1813-இல் இறக்கும்வரை தமிழ்நாட்டிலே வாழ்ந்தவர். இவர் நாட்டம் மீன்களிலும் சிப்பிகளிலும் பாம்புகளிலும் சென்றது. பெர்லின் நகரில் மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற யூத வைத்தியர், உலகின் மீன்களையெல்லாம் வண்ணப் படங்களோடு நூலாக்கும் பெருமுயற்சியில் இறங்கியிருந்தார். 1782 முதல் 1795 வரை 12 பகுதிகள், 432 படங்கள். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்கள் அனுப்பியவர் ஜான். பிளாக் நன்றி மறவாதவர். கத்தாளை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு 'ஜோனியஸ்' என்று பெயரிட்டார். கெலாமா என்று மலாய்க்காரர் கூறும் மீன்களிற் பல இப்பேரினத்தவை. கருவாட்டுக் கடையில் கெலாமா வாங்கும் நம் தாய்மார் ஒரு தரங்கம்பாடிப் பாதிரியாரின் பெயரையும் கூடையில் போட்டுக்கொண்டு வருகின்றனர்!

இக்கான் ஜெனாஹாக் என்னும் செம்மீன் வகையை மீன்சந்தையில் காணாதவர் இலர். மீன்தலைக் கறிக்கு ஏற்றது. அதன் இருசொற் பெயர் 'லுட்ஜானஸ் ஜோனீ'. இரண்டாம் சொல் ஜான் பாதிரியாருடையது, முதற்சொல் மலாய்! 'இக்கான் லுட்ஜாங்' என்ற வழக்கையே பிளாக் லத்தீன் போலத் திருத்தி 1790-இல் பேரினப் பெயராக்கினார். மலாய்ச் சொல்லும் தரங்கம்பாடிக்காரர் பெயரும் பெர்லின் வைத்தியர் ஒருவர் கையால் இணைந்து, நம் சட்டியில் வந்து விழுகின்றன. ஜானின் பெயர் நிலத்திலும் உண்டு. இருதலையன் என்று நம்மவர் வீணே அஞ்சியும், புதையல் தருமென்று மூடத்தனமாக விலைபேசியும் வரும் மண்ணுளிப் பாம்புக்கு 'எரிக்ஸ் ஜோனீ' என்று பெயர். 1801-இல் பாட்ரிக் ரஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் இட்டது.

முதலில் இட்ட பெயரே நிற்கும் என்பது பெயர் விதிகளில் தலையாயது. அவ்விதி எத்துணைக் கடுமையானது என்பதற்கும் தரங்கம்பாடியிலேயே சான்று உண்டு. டால்டார்ஃப் என்ற டேனியக் கம்பெனிப் படை அதிகாரி 1791 நவம்பரில் அங்கே ஒரு குளக்கரையில் நின்ற பனைமரத்தில் மீன் ஒன்று ஏறுவதைக் கண்டதாக எழுதினார். பனையின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்திற்கு 5 அடி உயரத்தில் அது இருந்ததாம். 1797-இல் லண்டன் லின்னேயஸ் கழகத்தின் ஏட்டில் இச்செய்தி வெளிவந்தது. அம்மீனுக்கு அவர் இட்ட பெயரின் இரண்டாம் சொல் 'ஸ்காண்டென்ஸ்'. ஏறுவது என்று பொருள். நம் மக்களோ அதனைப் பனையேறி என்றே அழைத்தனர். மலாய்க்காரர் கூறும் இக்கான் புயூ அதுவே. பெயர் எவ்வளவு பொருத்தம்! ஆனால் என் செய்வது? அதே இனத்துக்கு 1792-இலேயே பிளாக் 'டெஸ்டுடினேயஸ்' என்று பெயரிட்டிருந்தார். ஆமை போன்றது என்று பொருள். ஐந்தாண்டு முந்தியதால் ஆமை வென்றது, பனையேறி தோற்றது. பிறகு 1816-இல் பிரெஞ்சு அறிஞர் 'ஏறுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் 'அனாபாஸ்' என்று பேரினம் வகுத்தனர். ஆக இன்று அது 'அனாபாஸ் டெஸ்டுடினேயஸ்': ஏறும் ஆமைமீன். தோற்ற பனையேறி வேறு வழியாக முன்வாசலில் வந்துவிட்டது. அம்மீன் நிலத்தில் நகரும் என்பது உறுதி. மரம் ஏறும் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் நம்பவில்லை. பருந்தோ காகமோ தூக்கிச் சென்று மரத்தில் போட்டிருக்கும் என்பது அவர்கள் கூற்று. டால்டார்ஃப் கண்டதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கண்டபோது மீன் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் ஐயம்.

விதிகள் என்றேன். அவை லின்னேயஸ் காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. நூறாண்டு ஆளாளுக்குப் பெயரிட்டு, ஓர் உயிருக்கு ஐந்தாறு பெயர் சேர்ந்தபின் எழுந்தவை. விலங்குகளுக்கு 1842-இல் பிரிட்டனில் ஒரு குழு விதி வகுத்தது; டார்வினும் அக்குழுவில் ஒருவர். செடிகளுக்கு 1867-இல் பாரிஸ் மாநாட்டில் விதிகள் அமைந்தன. பெயர் எந்தப் பொருளைக் குறித்தது என்ற வழக்கைத் தீர்க்க, ஒவ்வொரு பெயருக்கும் மூலமாதிரி ஒன்று வைக்க வேண்டும் என்பது பின்வந்த ஏற்பாடு. சொற்பொருளில் ஐயம் வந்தால் நாம் ஏடு புரட்டுகிறோம். அவர்கள் உலர்ந்த செடியை அல்லது சாராயத்தில் ஊறிய மீனைப் பார்க்கின்றனர். பிளாக்கின் மீன்களில் பல இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லின்னேயஸின் செடிகளோ அவர் மறைவுக்குப் பின் 1784-இல் ஓர் ஆங்கில இளைஞருக்கு விலையாகி, லண்டன் சேர்ந்தன. புதுச்செடியின் விளக்கத்தை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற விதியை 2012 முதல் தளர்த்தி, ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று ஆக்கினர். 2024-இல் மாட்ரிட் மாநாட்டில், ஆப்பிரிக்க மக்களை இழித்துரைக்கும் ஒரு சொல்லை இருநூற்றுக்கும் மேற்பட்ட செடிப்பெயர்களில் திருத்தவும் முடிவு செய்தனர்.

இனித் தமிழ்ச் சொற்களின் நிலை யாது என்று கேட்பீர்கள். லின்னேயஸுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கிரேக்க லத்தீன் வேரில்லாத சொற்கள் பேரினப் பெயராதல் கூடாது; அவை காட்டுமிராண்டிச் சொற்கள் என்று 1737-இலேயே எழுதிவிட்டார். முருங்கையை அவர் கைவிடவில்லை; ஆனால் 'கிலாண்டினா மொரிங்கா' என்று இரண்டாம் இடத்தில்தான் அச்சொல்லை அமர்த்தினார். இவருக்கு எதிர்க்கட்சியாக நின்றவர் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர். ஆப்பிரிக்காவின் செனகலில் பல்லாண்டு வாழ்ந்த அவர், அந்தந்த நாட்டார் வழங்கும் பெயரே நல்ல பெயர் என்றார். 1763-இல் மொரிங்காவைப் பேரினமாக்கினார். முள் என்னும் மலாய்ச் சொல்லடியாகப் பிறந்த 'டூரியோ'வையும் அவரே ஏற்றினார். நம் முருங்கைக்கும் மலாய்க்காரரின் டுரியானுக்கும் முதலிடம் தந்த அந்தப் பிரெஞ்சுக்காரரை நம்மவர் யாரும் பாடவில்லை! விதிப்படி பார்த்தால் முருங்கை 'மொரிங்கா மொரிங்கா' ஆகியிருக்க வேண்டும். ஆனால் செடிநூலில் இரு சொல்லும் ஒன்றாயிருத்தல் ஆகாது, விலங்குநூலில் ஆகும். எனவே லமார்க் 1785-இல் எண்ணெய் உடையது என்னும் பொருளில் இட்ட 'மொரிங்கா ஒலைபெரா' நிலைத்தது.

வெட்டிவேரின் கதை வேறு. 1822-இல் போரி என்ற அறிஞர் அத்தமிழ்ச் சொல்லையே 'வெட்டிவேரியா' என்று பேரினப் பெயராக்கினார். நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் அது நின்றது. 1999-இல் அதனைக் 'கிரைசோபோகான்' என்னும் பேரினத்தோடு சேர்த்துவிட்டனர். பொன்தாடி என்று பொருள்படும் அப்பெயர் 1820-இல் இடப்பட்டது. இரண்டே ஆண்டு முந்தியதால் பொன்தாடி நின்று, வெட்டிவேர் வீழ்ந்தது. இதில் சதி ஒன்றுமில்லை, விதி அப்படி. ஆயினும் படித்தபோது என் மனம் சற்று வாடத்தான் செய்தது.

இருசொற் பெயர்களைத் தமிழில் பெயர்த்துவிட வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கலைச்சொல் ஆக்கத்தில் எனக்கும் பற்று உண்டு. ஒளிச்சேர்க்கை, வித்திலை போன்ற சொற்கள் வந்தபின் பாடம் இனித்ததை வகுப்பில் கண்டவன் நான். ஆனால் இவை கலைச்சொற்கள் அல்ல, இடுபெயர்கள். கோனிகீ என்பதை எதனாற் பெயர்ப்பது? மொழிபெயர்த்த உடனே அது எந்நாட்டார்க்கும் பொதுவாகிய தன் பயனை இழந்துவிடும். தமிழெழுத்தில் எழுதுவோம், பொருள் சொல்லுவோம், அருகில் நம் ஊர்ப்பெயரையும் தவறாமல் எழுதுவோம். ஊர்ப்பெயரை எழுதாமல் விடுவதைத்தான் நான் பெருந்தவறு என்பேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த 99 பூக்களில் பலவற்றை நம்மால் இன்று ஐயமின்றிச் சுட்ட முடியவில்லை. பெயர் இருக்கிறது, பூவைக் காட்டுவார் இல்லை. பெயரோடு ஓர் உலர்பூவையும் யாரேனும் வைத்துச் சென்றிருந்தால்!

இவ்வகையில் மலையாள நாட்டார் பேறு பெற்றவர். கொச்சியில் டச்சுத் தலைவராக இருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட 'மலபார்த் தோட்டம்' என்னும் நூலில், செடிகளின் நாட்டுப் பெயர்களும் பயன்களும் உள்ளன. அவற்றைக் கூறிய இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் பெயரும், ரங்கபட், விநாயக பண்டிதர், அப்புபட் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர் பெயரும் அச்சேறியுள்ளன. லின்னேயஸ் அந்நூலைத் தம் மேசையில் வைத்தே எழுதினார்.

தரங்கம்பாடியில் அவ்வாறு நடக்கவில்லை. கோனிக்குக்குக் கறிவேப்பிலையைக் காட்டியவர் யார்? ராட்லருக்குச் செடிப்பெயர் சொன்னவர் யார்? பிளாக் 1793-இல் விவரித்த கத்தாளை வகை ஒன்றின் பெயர் 'ஜோனியஸ் கருட்டா'. அந்த இரண்டாம் சொல் லத்தீன் அன்று, கிரேக்கமும் அன்று. 'கருத்த' என்னும் நம் தமிழ்ப் பெயரெச்சமே. கரையில் வலையைக் கொட்டிய ஒரு மீனவர், கேட்ட பாதிரியாருக்குக் கருத்த கத்தாளை என்று சொல்லியிருக்கிறார். அதை ஜான் எழுதிக்கொண்டார், பிளாக் அச்சிட்டார். முதற்சொல்லில் பாதிரியார் இருக்கிறார். இரண்டாம் சொல்லைச் சொன்னவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.